இரண்டு ஊரிலும் விடுபட்ட தலைக்கட்டு

அப்பாவின் பதினாறாம் நாளுக்கு வந்து இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படித்தவள் நான் என்பதால் எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. பெருமையோடுதான் ஏற்றேன். ஆனால் எழுத உட்கார்ந்தால் மனம் ஓரிடத்தில் நிற்கவில்லை.

அப்பா பிறந்தது தர்மபுரியில். பள்ளிக்கூடம் போகாமலே குழாய் வேலை கற்றுக்கொண்டு, திருமணமான ஆறாம் மாதம் அம்மாவுடன் ஐதராபாத்தில் உள்ள இந்த மல்காஜ்கிரிக்கு வந்தார். அப்போது எங்கள் தெருவில் பதினோரு வீடுகள்தானாம். பின்னால் கொய்யாத் தோப்பு. இன்று அந்தத் தோப்பில் ஐந்து மாடிக் கட்டடங்கள் நெருக்கியடித்து நிற்கின்றன. பாதிக்கு மேல் அப்பா குழாய் போட்டவை. தொட்டி காலியாகும் வேகத்தை வைத்தே எந்த மாடியில் ஆள் கூடியிருக்கிறது என்று சொல்லிவிடுவார்.

நான் ஆறாம் வகுப்பு படித்தபோது, மக்கள்தொகைக் கணக்கெடுக்க வந்த டீச்சர் அப்பாவைத்தான் துணைக்கு அழைத்தார். இரண்டு நாள் வீடு வீடாக நடந்தார்கள். கடைசியில் எங்கள் வாசலுக்கு வந்ததும், "நக்கோ மேடம், நக்கோ" என்று இந்த ஊர்ப் பேச்சில் வேண்டாமெனக் கையை ஆட்டி, எங்கள் கணக்கு தர்மபுரியில் இருப்பதாகச் சொல்லி அப்பா அவரை அனுப்பிவிட்டார்.

ஊரில் அம்மன் கோயில் திருவிழாவுக்கு ஆண்டுதோறும் தலைக்கட்டு வரி கட்டுவார். மணமான ஆண் ஒருவருக்கு ஒரு தலைக்கட்டு. அந்தப் பட்டியலில் பெயர் இருந்தால் அரசாங்கக் கணக்கிலும் இருப்பதாக நம்பினார். அங்கேயோ, கணக்கெடுக்க வந்தவரிடம் சித்தப்பா, "அண்ணன் ஐதராபாத்காரர் ஆயிட்டாருங்க" என்று சொல்லியிருக்கிறார். இரண்டு ஊரும் பெருத்தன. நாங்கள் நான்கு பேர் இரண்டிலும் இல்லை.

கல்லூரிக்குப் போன பிறகு இதற்காக அவரோடு சண்டை போட்டேன்.

"அது கோயில் கணக்குப்பா. சர்க்கார் கணக்கு நாம குடியிருக்கற எடத்துலதான்."

"இங்க பேரு குடுத்தா அங்க தலைக்கட்ட எடுத்துடுவாங்கம்மா. நாளைக்கு நான் செத்தா எந்த ஊருக்காரன்னு சொல்லுவ?"

"மல்காஜ்கிரிக்காரர்னு சொல்லுவேன்."

தம்பி செல்போனிலிருந்து தலை நிமிராமல், "ஹவ் நான்னா, அக்கா செப்பிந்தி கரெக்டே" என்று தெலுங்கில் நான் சொன்னதே சரி என்றான்.

"ரெண்டு ஊருக்கும் சேத்து நான் ஒருத்திதான் சோறாக்கறேன். வந்து தின்னுட்டுச் சண்ட போடுங்க" என்றார் அம்மா.

போன திருவிழாவுக்கு அப்பா தனியாகப் போனார். புதுச் சாலைகளும் வீடுகளுமாக ஊர் மாறியிருந்ததில், பிறந்த தெருவுக்கே வழி தெரியாமல் அலைந்தாராம். ஆட்டோக்காரர், "நீங்க எந்த ஊருங்க?" என்று கேட்டாராம். திரும்பி வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் சொன்னார்: "அடுத்த தடவ டீச்சர் வந்தா நாலு பேருன்னு எழுதச் சொல்லும்மா."

அடுத்த கணக்கெடுப்பு தொடங்கியதும் தினமும் வாசலைப் பார்த்தார். எங்கள் தெருவுக்கு ஆள் வருவதற்குள் நெஞ்சுவலி வந்தது. மூன்றே நாள்.

அவர் போன பதினோராம் நாள் டீச்சர் வந்தார். வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டார். அம்மா "நாலு" என்றார். நான்தான் "மூணு" என்று திருத்தினேன். இத்தனை வருடம் அப்பாவிடம் விதி பேசியவள் நான். அதைச் சொல்ல வேண்டியவளும் நான்தான். இறப்புச் சான்றிதழில் மட்டும் மல்காஜ்கிரி என்று இருக்கிறது. கூட்டும்போது விடுபட்டவரை இந்த ஊர் கழிக்கும்போது எழுதிக்கொண்டது. அதை நினைத்தால் இன்னும் உட்கார முடியாமல் எழுந்து நடக்கிறேன்.

அப்பாவைக் கடைசியாகக் குளிப்பாட்டிய அன்று எங்கள் தெருவுக்குத் தண்ணீர் வராத நாள். நாங்கள் யாரிடமும் கேட்கவில்லை. அவர் குழாய் போட்ட ஒவ்வொரு மாடியிலிருந்தும் ஒரு குடம் இறங்கி வந்தது. வாசல் நிறைந்து, படி வரைக்கும் குடங்கள். அவற்றைக் கொண்டுவந்த அத்தனை பேருக்கும், தர்மபுரியிலிருந்து விடிவதற்குள் வந்து சேர்ந்த சித்தப்பாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அப்பா எந்த ஊருக்காரர் என்று நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நீங்களே சொல்லிவிட்டீர்கள்.