நாப்பது ஓட்டிய வண்டி

அந்தத் தெருவில் எல்லோரும் அவரை நாப்பது என்றுதான் சொல்வார்கள். வயதை வைத்து வந்த பெயர் இல்லை, வயது அறுபதைத் தாண்டிவிட்டது. எந்த ரோட்டிலும், எந்த அவசரத்திலும் மீட்டர் முள்ளை நாற்பதுக்கு மேல் ஏறவிடாத டிரைவர் என்பதால் எவனோ ஒரு லாரிக்காரன் எரிச்சலில் வைத்த பெயர். பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்து அடித்துக் கை ஓய்ந்து போவான். இவர் பாட்டுக்குப் போய்க்கொண்டிருப்பார்.

அட்டைப்பெட்டி செய்யும் கம்பெனி ஒன்றின் முதலாளிக்கு அவர் பதினெட்டு வருஷம் டிரைவர். அதில் கடைசி ஒன்பது வருஷம் ஒரு கறுப்பு செடான். சொகுசு வண்டிகளில் அது நடுத்தரம்தான், ராஜா ஏறுகிற ரகம் இல்லை. ஆனால் கதவைச் சாத்தினால் பொத்தென்று ஒரு சத்தம் வரும் பாருங்கள், அந்தச் சத்தத்துக்கே பாதி விலை கொடுக்கலாம். நாப்பது தினமும் காலையில் அதைத் துடைப்பார். சக்கரத்தின் இடுக்குகளில் பழைய பல் பிரஷ்ஷை விட்டுத் தேய்ப்பார். பெற்ற மகளை இந்த மனுஷன் இப்படிக் கவனித்ததில்லை என்று அவர் மனைவி உயிரோடு இருந்தவரை சொல்லிக்காட்டிக்கொண்டே இருந்தாள்.

இவ்வளவும் உண்மை. இனிச் சொல்லப்போவதும் உண்மைதான், என்ன செய்வது.

முதல் மூன்று வருஷம் கார் கம்பெனிக்காரர்களே சர்வீஸ் செய்தார்கள். வாரண்டி முடிந்ததும் முதலாளி, "உனக்குத் தெரிஞ்ச இடத்துல பாத்துக்கோ," என்று பொறுப்பை இவர் தலையில் கட்டிவிட்டார். பஸ் டிப்போவுக்குப் பின்னால் ஒரு பட்டறை. பட்டறைக்காரர் பழக்கமானவர், வளைத்துப் பேசத் தெரியாதவர். முதல் சர்வீஸிலேயே விஷயத்தைப் போட்டு உடைத்தார்.

"இஞ்சின் ஆயில், ஃபில்டர் எல்லாம் ஒழுங்கா மாத்திடுறேன். அது கண்ணுக்குத் தெரியிற சமாச்சாரம். கியர்பாக்ஸ் ஆயிலை எவன் எட்டிப் பாக்கப் போறான்? ஆயுசுக்கும் மாத்த வேண்டாம்னு செஞ்சவனே சொல்றான். பில்லு மட்டும் போட்டுக்கலாம். பாதி உங்களுக்கு."

ஒரு டீ குடித்து முடிக்கிற நேரம் நாப்பது யோசித்தார். ஊரில் எந்த டிரைவர் செய்யவில்லை என்று தோன்றியது. சரி என்றார். அப்புறம் கூலன்ட்டுக்குப் பதிலாகக் குழாய்த் தண்ணீர் போனது. பிரேக் ஆயிலுக்குப் பதிலாக ஒன்றுமே போகவில்லை. இப்படி ஆறு வருஷம். அந்தக் காசில் அவர் மாடி வீடு கட்டவில்லை. எங்கே போனது என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. சிகரெட், செருப்பு, மகளுக்கு ஒரு வாட்ச் என்று கரைந்து போனது.

ஆனால் சர்வீஸ் ஃபைலை மட்டும் அவர் ஒரு குறையும் இல்லாமல் பார்த்துக்கொண்டார். அதுதான் அவர் சுபாவம். பட்டறைக்காரர் கிலோமீட்டரை உத்தேசமாக எழுதினால் விடமாட்டார். வண்டிவரை நடந்துபோய் மீட்டரைப் பார்த்துவந்து, கடைசி எண் வரை சரியாக எழுத வைப்பார். பில்லுக்கு ஓட்டை போட்டு, தேதிவாரியாகக் கோத்து, ஒவ்வொன்றின் மூலையிலும் என்ன மாற்றியது என்று சிவப்பு மையில் தன் கைப்பட எழுதுவார். பொய்க்கு இத்தனை அலங்காரம் எதற்கு என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. எப்போதாவது அதைப் புரட்டும்போது, இவ்வளவு ஒழுங்காகப் பார்த்துக்கொண்ட வண்டி ஊரில் வேறு கிடையாது என்று ஒரு பெருமைகூட வரும்.

முதலாளி ஒரு நாள் குளியலறையில் விழுந்தார், எழுந்திருக்கவில்லை. அவர் மகனுக்குக் கம்பெனியும் வேண்டாம், வண்டியும் வேண்டாம். எல்லாவற்றையும் விலை பேசத் தொடங்கினான். நாப்பதுக்கு ஒரு மாதச் சம்பளமும் ஒரு கைகுலுக்கலும் கிடைத்தன.

இந்த நேரத்தில்தான் அவர் மாப்பிள்ளை வண்டி தேடிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையும் டிரைவர்தான், ஒரு வாடகைக் கம்பெனியில் சின்னக் கார் ஓட்டுகிறவர். ஆனால் வேறு ரகம். ஒரு செருப்பு வாங்குவதென்றாலும் நாலு பேரைக் கேட்டு, துண்டுக் காகிதத்தில் குறித்துக்கொண்டு போகிற ஆள். விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த பெரிய ஹோட்டல் ஒன்று, சொந்தமாகக் கறுப்பு செடான் வைத்திருப்பவர்களுக்கு மாதக் குத்தகை தருவதாகச் சொல்லியிருந்தது. புது வண்டி கனவிலும் நடக்காது. அதனால் மூன்று மாதமாக மொபைலும் கையுமாக, எந்த மாடல் எத்தனை வருஷத்தில் எந்த இடத்தில் மக்கர் செய்யும் என்று பரீட்சைக்குப் படிப்பதுபோல் படித்திருந்தார்.

"மாமா, நீங்க ஓட்டின மாடல் இருக்கே, இஞ்சின் கல்லு மாதிரி. கியர்பாக்ஸ்தான் எமன். ஆயில் ஒழுங்கா மாத்தின வண்டின்னா பேசாம ஓடிக்கிட்டே இருக்கும். மாத்தாத வண்டின்னா நடு ரோட்டுல நிறுத்திடும். பில்லு இல்லாத வண்டியத் தொடவே தொடாதேன்னு எல்லாரும் எழுதுறாங்க."

பில்லு இல்லாத இரண்டு வண்டிகளை அவர் ஏற்கெனவே தொடாமல் விட்டிருந்தார். அடுத்ததாக முதலாளி வீட்டுக்குத்தான் போனார், மாமனாரையும் கூட்டிக்கொண்டு.

முதலாளி மகன் மேஜைமேல் ஃபைலை நகர்த்திவைத்து, இதற்காகவே விலை கொஞ்சம் கூடுதல் என்றான். மாப்பிள்ளை கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வொரு தாளாகப் பார்த்தார். கியர்பாக்ஸ் ஆயில் மூன்று தடவை மாற்றியிருந்தது. கடைசியாக மாற்றி ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. சிவப்பு மையில் விரலை வைத்து நிமிர்ந்தார்.

"மாமா, உங்க கையெழுத்து," என்றார். முகமெல்லாம் சிரிப்பு. "ஊர்ல எவனுக்கு இந்தக் கொடுப்பினை இருக்கு? வண்டிய யார் ஓட்டினான்னே தெரியாம வாங்குறான் ஒவ்வொருத்தனும்."

நாப்பது அங்கேயே சொல்லியிருக்கலாம். பழைய முதலாளியின் மகன் முன்னால் எப்படிச் சொல்வது என்று மென்று விழுங்கினார். சாயங்காலம் மகள் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிடுவது என்று தனக்குத்தானே தீர்மானம் செய்துகொண்டார்.

போகத்தான் செய்தார். மகள் அடுப்படியில் இருந்தாள். மாப்பிள்ளை தரையில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். நாப்பது செருப்பைக் கழற்றும்போதே தொடங்கினார். தொடங்கிய இடம்தான் சரியில்லை.

"அந்த வண்டி வேணாம் மாப்பிள்ளை. யானைக்குத் தீனி போடுற கதை. ஒரு விளக்கு உடைஞ்சாக்கூட நம்ம சம்பளம் பத்தாது."

"அதெல்லாம் பாத்துட்டேன் மாமா. பழைய சாமான் கிடைக்கிற இடம் நாலு வச்சிருக்கேன்."

"இல்ல, வயசான வண்டி. எப்ப என்ன ஆகும்னு..."

"உங்க கையில இருந்த வண்டி மாமா அது."

அதற்குள் மகள் கரண்டியோடு வாசலுக்கு வந்துவிட்டாள். "ஏம்ப்பா, உங்க முதலாளி வண்டி எங்க வீட்டு வாசல்ல நின்னா உங்களுக்கு ஒரு மாதிரி இருக்கா? இவரு கடைசி வரைக்கும் அடுத்தவன் வண்டியவே ஓட்டணுமா?"

அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அந்தக் கோபம் அவருக்கு ரொம்ப வசதியாக இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். "என்னமோ பண்ணுங்க," என்று செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். தெருமுனை திரும்பும்வரை மகள்மேல் கோபமாகவே இருந்தார். திரும்பியபிறகுதான் தான் சொல்ல வந்ததைச் சொல்லவில்லை என்பது உறைத்தது. திரும்பிப் போகவில்லை.

சேர்த்து வைத்ததை வழித்துப் போட்டு, மீதிக்குக் கடன் வாங்கி, வாடகைக் கம்பெனி வேலையையும் விட்டுவிட்டு மாப்பிள்ளை வண்டியை எடுத்தார். முதல் சவாரியில் மாமனாரைத்தான் பின் சீட்டில் உட்காரவைத்து ஊர் சுற்றினார். நாப்பது அந்த வண்டியின் பின் சீட்டில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. ஒவ்வொரு கியர் விழும்போதும் காதைத் தீட்டிக்கொண்டு வந்தார். இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போது ஒரு சின்ன உதறல். முதலாளி காலத்திலேயே இருந்ததுதான். அப்போது உறுத்தாதது இப்போது உறுத்தியது.

மறுநாளே பட்டறைக்கு ஓடினார். "என் கைக்காசு போட்டாவது ஆயிலை மாத்திடணும்," என்றார். பட்டறைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டே தலையை ஆட்டினார்.

"ஒம்பது வருஷ ஆயில். உள்ள தேஞ்ச தூள்தான் இப்ப கியரைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது. புது ஆயில் ஊத்தினா அது கழுவிட்டுப் போயிடும், அன்னைக்கே வழுக்கும். சும்மா விட்டா இன்னும் கொஞ்ச நாள் ஓடலாம். பெரிய இடத்துல கொடுத்துப் பிரிச்சுச் சுத்தம் பண்ணா தப்பிக்கும். அதுக்கு வண்டி பத்து நாள் நிக்கணும்."

நாப்பது மாப்பிள்ளையிடம் வந்து, பத்து நாள் வண்டியைக் கொடுங்கள், கியர்பாக்ஸைப் பிரித்து ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று சுற்றி வளைத்துக் கேட்டார். மாப்பிள்ளை ஃபைலைத் திறந்து காட்டினார். "மாத்தி எட்டு மாசம்கூட ஆகல மாமா. அடுத்தது எப்பன்னு நீங்களே ஓரத்துல எழுதியிருக்கீங்க, பாருங்க." பத்து நாள் வண்டி நின்றால் ஹோட்டல்காரன் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வான் என்றும் சொன்னார். தான் எழுதியதையே ஒரு தடவை படித்துப் பார்த்துவிட்டு நாப்பது ஃபைலை மூடிவைத்தார்.

நாலு மாதம் ஓடியது. ஹோட்டலில் மாப்பிள்ளைக்கு நல்ல பெயர். சட்டைக்குக் கஞ்சி போட்டுத் தேய்த்துப் போட்டுக்கொண்டார், மகள் வீட்டுக்கு ஒரு ஃபிரிட்ஜ் வந்தது. நாப்பதும் மெல்ல மூச்சு விடத் தொடங்கியிருந்தார். ஒன்றும் ஆகாது என்று நினைத்துக்கொண்டார், இத்தனை நாள் ஆகாதது இனி ஆகவா போகிறது என்று.

ஒரு காலையில் விமானத்தைப் பிடிக்க வேண்டிய விருந்தாளியை ஏற்றிக்கொண்டு மேட்டு ரோட்டில் ஏறும்போது வண்டி உறுமியது, நகரவில்லை. எந்த கியரிலும் நகரவில்லை. விருந்தாளி பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேட்டில் நடந்தார். விமானம் போய்விட்டது. அன்று மத்தியானமே ஹோட்டல்காரர்கள் குத்தகையை முடித்துக்கொண்டார்கள்.

கியர்பாக்ஸ் மட்டுமே பார்க்கிற ஒரு மெக்கானிக்கிடம் வண்டியை இழுத்துக்கொண்டு போனார்கள். மாமனாரும் மாப்பிள்ளையும் பக்கத்தில் நின்றார்கள். மெக்கானிக் அடியில் படுத்து மூடியைத் திறந்தார். வந்தது தார் மாதிரி இருந்தது. தீய்ந்த நாற்றம் பட்டறை முழுக்க நிறைந்தது. விரலில் தொட்டுத் தேய்த்தார், மினுமினுவென்று உலோகத் தூள்.

"எப்ப மாத்தின ஆயில் இது?"

மாப்பிள்ளை ஃபைலை நீட்டினார். "பதினோரு மாசம் ஆச்சு."

மெக்கானிக் எழுந்து பில்லைப் பார்த்தார், ஆயிலைப் பார்த்தார். "இந்த பில்லை நம்புறீங்களா?"

"எங்க மாமா கைப்பட எழுதினது," என்றார் மாப்பிள்ளை. "அவரு எல்லாத்துலயும் கறார். இவருதான்."

மெக்கானிக் நாப்பதைப் பார்த்தார். வெடுக்கென்று பார்க்கவில்லை, நிதானமாகத்தான் பார்த்தார். இந்தத் தொழிலில் எத்தனை டிரைவர்களைப் பார்த்திருப்பார் அவர். புரிந்துவிட்டது என்பது நாப்பதுக்கும் புரிந்துவிட்டது. ஆனாலும் அந்த மனுஷன் போட்டுக்கொடுக்கவில்லை. கேட்க மட்டும் செய்தார்.

"பெரியவரே, மாத்தினதுதானா?"

மாப்பிள்ளையும் திரும்பிப் பார்த்தார். அந்த முகத்தில் கடுகளவு சந்தேகம் இருந்திருந்தால்கூட நாப்பது சொல்லியிருப்பாரோ என்னவோ. சந்தேகமே இல்லை.

"மாத்தினதுதான்," என்றார் நாப்பது.

மெக்கானிக் ஃபைலை மூடிக் கொடுத்துவிட்டார். "அப்படின்னா ஓட்டினதுலதான் கோளாறு," என்று மாப்பிள்ளையிடம் சொல்லிவிட்டு வேறு வண்டிக்குப் போய்விட்டார்.

சரிசெய்ய அவர் சொன்ன தொகையில் பாதி வண்டி வாங்கலாம். உடைத்து விற்கிறவனிடம் வண்டி அடிமாட்டு விலைக்குப் போனது. கடன் மட்டும் அப்படியே நின்றது. வாடகைக் கம்பெனியில் மாப்பிள்ளையின் இடத்தில் வேறு ஆள் வந்துவிட்டான். அவர் ஒரு கிடங்கில் மூட்டை இறக்கப் போனார். வீட்டு வாடகை கொடுக்க முடியாமல் மகளும் மாப்பிள்ளையும் நாப்பதின் இரண்டு அறைகளில் ஒன்றுக்கு வந்து சேர்ந்தார்கள்.

அங்கேதான் நாப்பதுக்கு நரகம். மகள் அவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னதெல்லாம் புருஷனைத்தான், அவர் காதில் விழும்படி. "எங்கப்பா ஒம்பது வருஷம் ஓட்டினாரு, ஒரு நாள் நின்னதில்ல. நீங்க நாலு மாசத்துல முடிச்சிட்டீங்க. அன்னைக்கே வேணாம்னு சொன்னாரு, கேட்டோமா?" சுவருக்கு இந்தப் பக்கம் நாப்பது சட்டையை மடித்துக்கொண்டே கேட்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மகள் கடைக்குப் போயிருந்தாள். மாப்பிள்ளை வந்து அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்தார். மூட்டை தூக்கித் தூக்கித் தோள் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. கையில் அதே மாதிரி ஒரு துண்டுக் காகிதம்.

"மாமா, நான் பண்ணின தப்பெல்லாம் யோசிச்சுப் பாத்தேன்," என்றார். காகிதத்தைப் பார்த்துப் படித்தார். ஏசி போட்டுக்கொண்டு மேட்டில் ஏறியது. காலையில் சூடாவதற்குள் கிளப்பியது. விருந்தாளி அவசரப்படுத்தினார் என்று மிதித்தது. ஒன்பது இருந்தன. எல்லாவற்றையும் படித்து முடித்துவிட்டு, தலையை நிமிர்த்தாமலே சொன்னார்.

"நீங்க அவ்வளவு பாத்துப் பாத்து வச்சிருந்த வண்டி. நான் கெடுத்துட்டேன். மன்னிச்சிடுங்க மாமா."

வீட்டில் வேறு யாரும் இல்லை. மகள் வர அரைமணி நேரமாவது ஆகும். நாப்பது ஜன்னலைப் பார்த்தார், தன் கைகளைப் பார்த்தார்.

"விடுங்க மாப்பிள்ளை," என்றார். பிறகு, "வண்டி முழுசா நிக்கறதுக்குள்ள ரிவர்ஸ் போடுவீங்களா?" என்று கேட்டார்.

"சில சமயம் போட்டிருப்பேன் மாமா."

"அது கூடாது," என்றார் நாப்பது.

மாப்பிள்ளை சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துப் பத்தாவதாக அதை எழுதிக்கொண்டார்.