இரண்டு கிலோமீற்றர் கம்பி

பாடசாலை ஆய்வுகூட அலுமாரியைத் துடைக்கும்போது பழைய றேடியோச் சுருள் ஒன்று கையில் அகப்பட்டது. அதே மெழுகு வாசனை. அதே குறிப்பும் இருந்தது: இரண்டு இலட்சம் சென்ரிமீற்றர்.

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது, கல்முனையில் எங்கள் வீட்டு றேடியோவுக்குள்ளும் இப்படி ஒரு சுருள் இருந்தது. இவ்வளவு சிறியதற்குள் இரண்டு கிலோமீற்றர் கம்பியா என்று ஆச்சரியப்பட்டு, ஒரு பின்னேரம் உம்மாவின் தையல் நாடாவால் அளப்பதற்காக முழுவதையும் அவிழ்த்தேன். கம்பி கிணற்றடியைக்கூட எட்டவில்லை. றேடியோ ஊமையானது.

மறுநாள் லுஹர் தொழுகைக்குப் பிறகு, வீட்டில் இருப்பவர்களிடம் துக்கம் விசாரிக்க வந்த பக்கத்து வீட்டு மாமி, உம்மா தையல் மெஷினில் இருப்பதைப் பார்த்துத் திகைத்துப்போனார்.

“என்ன புள்ள, நீ இன்னும் போகல்லியா? பொலன்னறுவையில உன்ட காக்கா மவுத்தெண்டு காலையிலயே றேடியோ மரண அறிவித்தல்ல சொன்னாங்களே!”

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஜனாஸாவை அடக்கிவிட்டு ஆண்கள் திரும்பிக்கொண்டிருந்தார்கள். கூடப்பிறந்த அண்ணனின் முகத்தை உம்மா கடைசியாகப் பார்க்கவில்லை.

என்னை அவர் ஏசவேயில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒன்றை மட்டும் கேட்டார்.

“அளந்தியே மகள், சரியா இருந்திச்சா?”

“இல்ல உம்மா. குறைவா இருந்திச்சு.”

சுருளில் குறித்திருந்தது கம்பியின் நீளமே அல்ல. அந்தக் காலத்தில் சுருளின் மின்தூண்டலையும் சென்ரிமீற்றரில்தான் குறித்தார்கள். அதில் ஒரு சென்ரிமீற்றர், இன்றைய அலகில் ஒரு நானோ ஹென்றி. இரண்டு இலட்சம் என்றால் இருநூறு மைக்ரோ ஹென்றி. என் மாணவிகள் ஒரு நிமிடத்தில் மாற்றிவிடுவார்கள்.

கம்பி குறையவேயில்லை, உம்மா. நான் கைவைக்கும்வரை எல்லாம் சரியாகத்தான் இருந்தது.