வெயில் படாத இடம்

என் மனைவியின் நுரையீரல் கட்டியில் ஊசி விட்டு எடுத்த துணுக்கை மெழுகில் பதித்து வைத்தார்கள். ‘பிளாக்’ என்று அதற்குப் பெயர். உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிடும் புதிய மருந்து அவளுக்குக் கேட்குமா என்பதை அந்தத் துணுக்கிலுள்ள ஒரு புரதம் சொல்லுமாம்.

புரதம் நிறைய இருந்தது. “வாய்ப்பு நல்லா இருக்கு சார்” என்றார் தில்லைநகர் டாக்டர். மருந்து கேட்கும் என்று நான் முடிவு செய்துகொண்டேன். கைலாசபுரம் தொழிற்சாலையில் கொதிகலன் தகடுகளைச் சோதித்து ஓய்வு பெற்றவன். ஓரத்தில் ஒரு துண்டு வெட்டி இழுத்துப் பார்ப்போம். துண்டு தேறினால் தகடு தேறியது. அந்த விதிமுறை எனக்குத் தூக்கத்திலும் தெரியும்.

“என்னையும் தகடுன்னே முடிவு பண்ணிட்டீங்களா?” என்றாள், மருந்து ஏறும் கையை அசைக்காமல்.

“அதான் தேறிட்டியே. பேசாம படு.”

“ஊசி போகாத இடத்துல தேறலைன்னா?”

தேறவில்லை. கட்டி எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்காது என்று டாக்டர் பிறகு விளக்கினார். காவிரியில் தண்ணீர் வருவதற்குள் அவள் போய்விட்டாள்.

தண்ணீர் வந்து, அம்மா மண்டபப் படித்துறையில் அஸ்தி கரைத்த பிறகு ஆய்வகத்திலிருந்து போன் வந்தது. மறு சோதனைக்கு வெளியூர் போன பிளாக் திரும்பியிருந்தது. போய் வாங்கினேன். வெள்ளை மெழுகு, நடுவில் நூல் போலப் பழுப்பாக அவள்.

“வெயில் படாம வைங்க சார். உருகிடும்.”

காரியம் செய்துவைத்த ஐயரிடம், இதையும் ஆற்றில் விடலாமா என்று கேட்டேன்.

“மெழுகு கரையாதே சார். மிதந்து படித்துறைக்கே வந்து நிக்கும். இதுக்கு என்ன விதின்னு எனக்குத் தெரியல.”

எனக்கும் தெரியவில்லை. தொழிற்சாலையில், கொதிகலன் கப்பலேறிப் போன பிறகும் சோதனைத் துண்டைப் பத்திரமாக வைத்திருப்போம். நாளைக்கு யாராவது கேட்டால் காட்ட வேண்டுமே. இதை யாரும் கேட்கப் போவதில்லை.

ஃப்ரிட்ஜில் வைக்கலாம்தான். அவளுக்குக் குளிர் ஆகாது.

எங்கள் ஸ்ரீரங்கத்து வீட்டில் மதியத்துக்கு மேல் படுக்கையறையில் வெயில் இறங்கும். அவள் தலையணையைத் தூக்கிக்கொண்டு பின்னறைக்குப் போவாள். இப்போது சாப்பிட்டதும் நான் பிளாக்கை எடுத்துப்போய் அங்கே வைக்கிறேன். போன வாரம் அதைப் படுக்கையறையிலேயே மறந்துவிட்டுக் கூடத்தில் தூங்கிவிட்டேன்.

“ஏங்க, இங்க வெயில் அடிக்குது.”

எழுந்து ஓடினேன். ஜன்னல் வெளிச்சம் மெழுகுக்கு ஒரு விரல் தள்ளி நின்றிருந்தது.