லேபிள் கழன்ற நாலு போத்தல்கள்

கந்தையா அண்ணை போய்விட்டாராம். காலையில் அவருடைய மகள் போன் எடுத்துச் சொன்னாள்.

உருத்திரபுரத்துப் பள்ளிக்கூடத்தில் ஆய்வுகூட உதவியாளராக இருந்தவர். அறுபதுகளில் நான் அங்கே போத்தல் கழுவப் போனவள். ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றது... ஆனால் எதையும் மறக்கமாட்டேன்.

சேர்ந்த முதல் கிழமை. நல்ல பெயர் எடுக்கலாம் என்று, தூள் இருந்த போத்தல்களையும் மூடியோடு வாளியில் ஊறப்போட்டேன். நாலு லேபிளும் கழன்று மிதந்தன. நாலிலும் வெள்ளைத் தூள்! எந்த லேபிள் எதற்கென்று தெரியவில்லை.

பின்னேரம் விஞ்ஞான மாஸ்டர் வருவார். கண்டால் வேலை போகும். என் வேலையில்தான் வீட்டில் உலை கொதித்தது.

ஒன்றை நாக்கில் வைக்கப் போனேன். அண்ணை கையைத் தட்டிவிட்டார்.

"நக்காத பிள்ளை! பிறகு உனக்கும் ஒரு லேபிள் ஒட்ட வேண்டி வரும்."

அப்போது நான்தான் சொன்னேன். "அண்ணை, செவ்வரத்தம்பூவில சவர்க்காரம் பட்டாப் பச்சையாகும், தேசிக்காய்ப்புளி பட்டாச் சிவக்கும். அதால பாப்பமே?"

பூவைச் சுடுதண்ணீரில் பிழிந்தோம். பச்சையாக்கியது சலவைச்சோடா. சிவக்க வைத்தது படிகாரம். நிறம் மாற்றாமல் கரைந்தது உப்பு.

நாலாவது... நிறமும் மாற்றவில்லை, கரையவும் இல்லை.

"மிச்ச லேபிளை ஒட்டுங்கோவன்," என்றேன்.

"மிஞ்சினது எண்டதுக்காக ஒட்டக்கூடாது."

ஒரு குழாயில் அமிலம், இன்னொன்றில் எரிசோடாக் கரைசல். இரண்டிலும் ஒரு சிட்டிகை போட்டார். இரண்டிலும் கரைந்தது.

"அலுமினியம் ஐதரொட்சைட்டு. ஈரியல்பு. அமிலத்தோடயும் சேரும், காரத்தோடயும் சேரும்."

"எங்கட பெரிய மாமி மாதிரி. சண்டை பிடிச்ச ரெண்டு வீட்டிலயும் அவாவுக்குச் சாப்பாடு."

அண்ணை சிரித்த சிரிப்பில் புது லேபிளில் எழுத்துக் கோணிவிட்டது.

மாஸ்டர் வந்து பார்த்தார். "ஆர் மாத்தினது?"

அண்ணை முந்திக்கொண்டார். "நான்தான் சேர். பழசு கழண்டு போச்சு. செவ்வரத்தம்பூவால சோதிச்சுத்தான் ஒட்டினனான்."

"கெட்டிக்காரன் நீர்!" மாஸ்டர் அண்ணையின் முதுகில் தட்டினார். நான் வாளியோடு பக்கத்தில் நிற்கிறேன்...

என் வேலை தப்பியது. பூ அண்ணையுடையதாகிவிட்டது. இரண்டு மாதம் அவரோடு கதைக்கவில்லை. ஏன் என்று அவர் கேட்டதுமில்லை.

ஆனால் பிறகு வகுப்பில் அந்தச் சோதனை நடக்கும் போதெல்லாம், பூப் பறிக்க என்னைத்தான் அனுப்புவார். வேறு ஒருவரையும் விடமாட்டார்.

நாளைக்கு வாறன் அண்ணை, செவ்வரத்தம்பூவோட. போயிட்டு வாங்கோ.

யோசனை என்னுடையது. அங்க போயும் மாத்திச் சொல்லாதேங்கோ.