இரவல் சேலைகளும் ஏழு கிலோ பையும்

அந்துருண்டை வாசனை எங்கே வந்தாலும் எனக்கு இன்றும் எரிச்சல்தான் வரும்...

இலங்கையில், பூனாகலைத் தேயிலைத் தோட்டத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்தில் எங்கள் வீடு முழுக்க ஒரு வாரம் அந்த வாசனைதான். அம்மாவும் நானும் ஒரு மாதப் பயணமாக இந்தியாவுக்குக் கிளம்பிய வாரம் அது.

தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்கு அனுப்பிய காலத்தில் அம்மாவின் அண்ணன் கப்பலேறிப் போய்விட்டார். அம்மா அப்போது சின்னப் பிள்ளை. மாமா கோத்தகிரியில் குடும்பமாகிவிட்டார். முதலில் கடிதம், பிறகு போன். அதன்பிறகு நேரில் பார்த்ததே இல்லை. கொழுந்து பறிப்பதை விட்டு ஓய்வு பெற்றதும் அம்மா என்னிடம் கேட்டது ஒன்றுதான்.

"அண்ணன ஒருக்கா பாத்துட்டு வந்துருவோம்டி."

நான் பதுளையில் ஒரு பார்மசியில் வேலை செய்துகொண்டிருந்தேன். என் சம்பளத்துக்குக் கிடைத்தது மலிவு டிக்கெட். ஆளுக்கு ஒரு கைப்பை, ஏழு கிலோ, அவ்வளவுதான். திருச்சி வெயிலுக்கும் கோத்தகிரிக் குளிருக்கும் நடுவில் வரும் கோயில்களுக்கும் அந்த ஒரே பை!

யூடியூப் பார்த்துப் பக்காவாகத் திட்டம் போட்டேன். எதோடு எதைப் போட்டாலும் பொருந்துகிற மாதிரி நாலு டாப், இரண்டு கறுப்பு லெகிங்ஸ், ஒரு ஸ்வெட்டர், ஒரு ஷால், ஒரு பழைய நைட்டி. அம்மாவுக்குக் கசங்காத நைலக்ஸ் சேலை மூன்று. அலசிப் போட்டால் காற்றிலேயே காய்ந்துவிடும். எல்லாவற்றையும் சுருட்டி அடுக்கியபோது என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

அந்தப் பெருமை மறுநாள் வரைகூடத் தாங்கவில்லை.

எங்கள் லயத்தில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது முக்கியமான பயணம் போனால், அக்கம்பக்கத்துப் பெண்கள் தங்களிடம் இருப்பதிலேயே நல்ல சேலையைக் கொண்டுவந்து இரவல் கொடுப்பார்கள். போகிற இடத்தில் நம் ஆள் குறைவாகத் தெரியக் கூடாதாம். ஒருத்தியிடம் வாங்கிவிட்டு இன்னொருத்தியிடம் வேண்டாம் என்று சொல்லிவிட முடியாது. பிறகு பீலியில் தண்ணீர் பிடிக்கப் போனால் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள்.

எதிர்வீட்டு சரோஜா அக்கா தகரப் பெட்டியிலிருந்து தன் கல்யாணப் பட்டையே எடுத்துவந்தார். அண்ணன் முன்னால் போய் நிற்கும்போது அதைத்தான் கட்ட வேண்டுமாம். கட்டிய பிறகு வாட்ஸ்அப்பில் போட்டோ வேறு அனுப்ப வேண்டுமாம். அவர் போனதும் அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு... எல்லாம் ஜரிகை, எல்லாம் கனம், எல்லாம் அந்துருண்டை வாசனை.

கொழுந்து நிறுக்கும் தராசில் பையைத் தொங்கவிட்டுப் பார்த்தோம். பத்தைத் தாண்டி நின்றது முள். எனக்குத் தலை சுற்றியது. அம்மா அசரவே இல்லை.

"கொழுந்துக்குத் தண்ணி, சாக்குன்னு எடையில கழிப்பாங்கள்ல? ப்ளேன்காரங்க அப்பிடிக் கழிக்க மாட்டாங்களா?"

என்ன சொல்லிப் புரியவைப்பது? கடைசியில் என் பையிலிருந்துதான் கழிந்தது; அந்த இடத்தில் சேலைகள் ஏறின. நாலு டாப்பையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு, அதற்கும் மேல் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு, கட்டுநாயக்க விமான நிலைய வெக்கையில் வேர்த்து வடிய நான் நின்றேன். அம்மா ஜம்மென்று விமானம் ஏறினாள்.

கோத்தகிரியில் மாமா வாசலில் நின்றிருந்தார். சரோஜா அக்காவின் பட்டில் அம்மா இறங்கினாள். மாமா ஓடிவந்து கட்டிக்கொள்வார் என்று நினைத்தேன். அவரோ அம்மாவை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கைகூப்பினார். யாரோ பெரிய இடத்து விருந்தாளியை அழைப்பதுபோல் உள்ளே அழைத்தார்.

அதன்பிறகும் அப்படியே. அம்மாவுக்கு மட்டும் மேசையில் சாப்பாடு. மாமா தூரத்து நாற்காலியில் நுனியில் உட்கார்ந்திருப்பார். நாலு வார்த்தை பேசிவிட்டு எழுந்து போய்விடுவார். அடுப்படியில் அத்தைதான் என்னிடம் விஷயத்தைச் சொன்னார்.

"தங்கச்சிக்குன்னு ரெண்டு சீலை எடுத்து வச்சிருந்தாரு. இந்தப் பட்டெல்லாம் பாத்துட்டு, எடுத்துக் குடுக்கவே கூச்சப்படுறாரு."

ஓடிப்போய் அம்மாவிடம், எல்லாம் இரவல் என்று சொல்லிவிடு என்றேன். சொன்னால் லயத்து மானம் போய்விடுமாம். அண்ணன் ஒட்டவே மாட்டேங்குதே என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுத்த சேலையைக் கட்டி, போட்டோவுக்கும் நின்றாள்! எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இத்தனை வருடம் காத்திருந்து வந்தது இதற்குத்தானா?

பிறகு மழை பிடித்துக்கொண்டது. சேலைகளைப் பாழாக்கிவிட்டால் லயத்தில் என்ன பதில் சொல்வது என்று அம்மா எல்லாவற்றையும் மடித்து வைத்தாள். என் நைட்டியை மாட்டி, மேலே ஸ்வெட்டரைப் போட்டு, கொழுந்துக்குப் போவதுபோல் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு அடுப்போரம் குந்தினாள். வெந்நீர் எடுக்க வந்த மாமா அப்படியே நின்றுவிட்டார். பிறகு மெதுவாகத் தரையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இப்பத்தான் எந் தங்கச்சி வந்துருக்கு" என்றார்.

அம்மா அழுதாள். அழுதுகொண்டே எந்தச் சேலை யாருடையது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். மாமா இருமல் வரும்வரை சிரித்துவிட்டு, தான் எடுத்து வைத்திருந்த இரண்டையும் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தார்.

இப்போது எங்கள் பக்கம் தனித்தனி வீடுகள் வந்துவிட்டன. எல்லார் அலுமாரியிலும் சேலை குவிந்து கிடக்கிறது. போன தடவை நான் மட்டும் சென்னை போனபோது யாரும் எதையும் தூக்கிக்கொண்டு வரவில்லை. பை ஒரே இழுப்பில் மூடியது. நிம்மதியாக இருந்திருக்க வேண்டும்... என்னவோ போலிருந்தது.

அம்மாவுக்கு மூட்டுவலி, மாமாவுக்கு மூச்சிரைப்பு. இனிப் பயணம் இருவருக்கும் முடியாது. ஞாயிற்றுக்கிழமை வீடியோ கால் மட்டும்தான். அதிலாவது ஒழுங்காகப் பேசுகிறார்களா? போன் அடித்ததும் அம்மா சேலை மாற்ற உள்ளே போய்விடுகிறாள். அந்தப் பக்கம் மாமா வெள்ளைச் சட்டை தேடிப் போய்விடுகிறார். நானும் அத்தையும் ஆளுக்கொரு காலி நாற்காலியைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். இந்த மலையில் சிக்னல் நிற்பதே கொஞ்ச நேரம். இருவரும் தயாராகி வருவதற்குள் அதுவும் போய்விடுகிறது.

கத்திப் பார்த்துவிட்டேன், கேட்பதாய் இல்லை.

இன்னும் எத்தனை ஞாயிறு மிச்சம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய், அம்மா? இருக்கிற கோலத்திலேயே வந்து உட்காரேன்...