இடப்பக்கம் தள்ளிய தாள்

என் அக்கா ஒரு கட்டிலருகே காரணமில்லாமல் நின்றால் வார்டே திரும்பிப் பார்க்கும். காய்ச்சல் இருக்காது, ரத்த அழுத்தம் சரியாக இருக்கும், நோயாளி சிரித்துப் பேசிக்கொண்டிருப்பார். அக்கா மட்டும் நகரமாட்டாள். மாலைக்குள் அந்த ஆளைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு உருட்டிக்கொண்டு போவார்கள். பத்தொன்பது வருட நர்ஸ் உத்தியோகத்தில் அவள் கணிப்பு தப்பியதே இல்லை. அதனால் சக நர்ஸுகள் அவளுக்கு 'அபாயமணி' என்று பெயர் வைத்திருந்தார்கள். நோயாளிகளின் காதில் விழாமல் கூப்பிட வேண்டிய பெயர்.

நான் அதே ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், ரெக்கார்டு அறையில் குப்பை கொட்டுகிறேன். குணமாகி வீட்டுக்குப் போனவர்கள், ஒரேயடியாகப் போய்ச் சேர்ந்தவர்கள், எல்லாருடைய தாள்களும் கடைசியில் என்னிடம்தான் வரும். தேதி இருக்கிறதா, டாக்டர் கையொப்பம் இருக்கிறதா என்று பார்த்து அடுக்குவது என் வேலை. படிப்பது என் வேலை இல்லை. இப்படிச் சொல்லிச் சொல்லியே இத்தனை காலம் ஓட்டிவிட்டேன்.

ஆனாலும் அக்காவின் எழுத்து கண்ணில் பட்டால் படிக்காமல் விட முடியாது. முத்து முத்தாக இருக்கும். "நோயாளியின் நிலை திருப்தியாக இல்லை. டாக்டரிடம் தெரிவிக்கப்பட்டது." பக்கத்தில் மணி. அந்த இரண்டாவது வரிதான் நர்ஸுகளுக்குக் கவசம். எழுதிவிட்டால் பாரம் கைமாறிவிட்டது என்று அர்த்தம். வேடிக்கை என்னவென்றால், தெரிவிப்பது அக்கா இல்லை. அவள் எழுதி, தாளை மேஜையின் இடப்பக்கம் தள்ளுவாள். அங்கே எப்போதும் ஒரு ஜூனியர் நர்ஸ் உட்கார்ந்திருப்பாள். தாள் வந்ததும் அவள் போனை எடுப்பாள், ஐந்து நிமிடத்தில் டாக்டர் வந்து நிற்பார். எழுது, தள்ளு, அடுத்த கட்டிலுக்குப் போ. பத்தொன்பது வருடமும் இப்படித்தான்.

போன வருடம் ஒரு சுற்றறிக்கை வந்தது. ஊர் எல்லையில் ஆஸ்பத்திரி ஒரு கிளினிக் திறக்கப்போகிறது. டாக்டர்கள் யாரும் அந்தப் பக்கம் போகத் தயாராக இல்லை. ஆகவே நர்ஸ் பிராக்டிஷனர்களை வைத்து நடத்துவார்களாம். நோயாளியைச் சோதிப்பது, என்ன நோய் என்று முடிவு செய்வது, மருந்து எழுதுவது எல்லாம் அந்த நர்ஸே. அதற்கு மேல்படிப்பு வேண்டும். படிப்பதற்கு இரண்டு வழி இருந்தது.

ஒன்று பதினைந்து மாதம். பாடம் கம்ப்யூட்டரில். பயிற்சி நம் வார்டிலேயே, கையொப்பம் போடுவதும் நம் வார்டு டாக்டரே. வேலையை விட வேண்டாம். இன்னொன்று மூன்று வருடம். வேறு நகரத்தில் தங்கிப் படிக்க வேண்டும். அங்கே நீங்கள் பார்த்த ஒவ்வொரு நோயாளியையும் ஆசிரியர் ஒருவர் மறுபடி பார்ப்பார், ஏன் இந்த முடிவு என்று குடைந்து குடைந்து கேட்பார்.

அக்காவுக்கு நாற்பத்திரண்டு வயது. மகள் பத்தாவது. அத்தான் பஸ் ஓட்டுகிறார், ஒரு வாரம் வீட்டில் என்றால் ஒரு வாரம் ரோட்டில். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்றுதான் எல்லாரும் கேட்டார்கள். அதிகமாகக் கேட்டவன் நான். நீ டாக்டருக்கே பாடம் எடுப்பவள், உனக்கு மூன்று வருடம் எதற்கு என்றேன். கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து குறுகிய படிப்புக்கு விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்ததும் நான்தான். அவள் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று அவள் நின்ற விதத்தை நான் கவனித்திருக்க வேண்டும்.

அனுப்பு என்று சொல்வதற்கு முன் அவள் ஒரு விஷயத்தைச் சொன்னாள். அந்த மூன்று வருடக் கல்லூரிக்கும் போன் செய்து விசாரித்தாளாம். எடுத்த பெண்மணி படிப்பைப் பற்றி எதுவும் பேசாமல் ஒரே ஒரு கேள்வி கேட்டாராம்.

"கடைசியா நீங்களா ஒரு முடிவு எடுத்தது எப்போன்னு கேட்டாங்கடா. எனக்குச் சட்டுனு ஒண்ணும் ஞாபகம் வரல."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு பட்டனை அழுத்தினேன்.

படிப்பில் அவள் சூரப்புலி. மகளும் அம்மாவும் ஒரே மேஜையில் படித்தார்கள், மகளைவிட அம்மாவுக்குத்தான் மார்க் அதிகம். பயிற்சித் தாள்கள் மாதாமாதம் கட்டாக என்னிடம் வந்தன. ஒரு நோயாளிக்கு ஒரு தாள். நோயாளி சொன்னது, சோதித்ததில் தெரிந்தது, கடைசியில் 'முடிவு' என்று ஒரு கட்டம், அதன் கீழே டாக்டரின் கையொப்பம். வார்டு டாக்டர் நல்ல மனிதர், அக்காமேல் மலையளவு மதிப்பு. வெள்ளிக்கிழமை டீ குடித்துக்கொண்டே நாற்பது தாளுக்குக் கையொப்பம் போட்டுத் தள்ளுவார். அபாயமணிக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போகிறது என்பார்.

ஐந்தாவது மாதக் கட்டை அடுக்கும்போது ஒரு தாள் நழுவிக் கீழே விழுந்தது. எடுத்தபோது முடிவுக் கட்டத்தைப் படித்துவிட்டேன். "டாக்டரிடம் தெரிவிக்கப்பட்டது." அடுத்த தாளைப் பார்த்தேன், அதிலும் அதே வரி. கட்டை அவிழ்த்து முழுவதும் புரட்டினேன். எளிய இருமல், சளி தவிர மற்ற எல்லாவற்றிலும், எங்கெல்லாம் அவள் முடிவு எடுத்திருக்க வேண்டுமோ அங்கெல்லாம், முத்து முத்தாக அந்த வரி. கீழே கையொப்பம்.

மேலே போய் யாரிடமாவது சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். ஆனால் தேதி இருந்தது, கையொப்பம் இருந்தது. படிப்பது என் வேலை இல்லை. கட்டி அலமாரியில் வைத்துவிட்டேன்.

இங்கே லிஃப்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். தினமும் என் காகித வண்டியை மேலே கொண்டுபோவதும் கீழே கொண்டுவருவதும் அவர்தான். வண்டியைப் பார்த்ததும், உங்கள் பேஷண்ட்டுகளுக்கு மட்டும் குணமே ஆகமாட்டேன் என்கிறதே என்பார். பதினோரு வருடமாக அதே ஜோக். பதினோரு வருடமாக நானும் சிரித்துவைத்தேன். அவர் வீடு புதிய கிளினிக் இருக்கும் பக்கம். அக்கா கடைசி எட்டு வாரப் பயிற்சிக்கு அங்கே போகிறாள் என்றதும் அவருக்கு ஒரே சந்தோஷம். இனி நமக்கென்ன கவலை, நம்ம சிஸ்டரே வாசலுக்கு வந்துட்டாங்க என்று மாடிக்கு மாடி சொன்னார்.

கிளினிக் ஒரே ஒரு அறை. ஒரு மேஜை, சோதிக்கும் கட்டில், இதயத் துடிப்பைப் பதியும் இ.சி.ஜி. மெஷின், வெளியே பெஞ்சு. டாக்டர் போனில் மட்டும். மேஜைக்கு இடப்பக்கம் நாற்காலி இல்லை. எடை பார்க்கும் மெஷின்தான் இருந்தது.

மூன்றாவது வாரம் புதன்கிழமை லிஃப்டுக்காரர் லீவு போட்டுவிட்டு அங்கே போனார். கழுத்தும் தோளும் இழுத்துப் பிடிக்கிறது, வாயுவாக இருக்கும், ஒரு மாத்திரை கொடுங்கள் சிஸ்டர் என்றாராம். நெற்றி லேசாக வியர்த்திருந்தது. அக்கா அப்படியே நின்றாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது. அதை அவளே என்னிடம் சொன்னாள், அந்த நொடியே தெரிந்துவிட்டது என்று. வெளியே பெஞ்சில் கொஞ்சம் சாய்ந்து உட்காருங்கள் என்றாள். தாளில் எழுதினாள். நிலை திருப்தியாக இல்லை. டாக்டரிடம் தெரிவிக்கப்பட்டது. மணி பத்து பத்து. தாளை இடப்பக்கம் தள்ளினாள். அடுத்தவரைக் கூப்பிட்டாள்.

ஒரு குழந்தைக்குக் காது வலி. ஒரு பாட்டிக்குக் கட்டு மாற்ற வேண்டும். இரண்டையும் அக்கா பொறுமையாகப் பார்த்தாள். டாக்டர் வந்துகொண்டிருக்கிறார் என்று அவள் மனதின் ஏதோ ஒரு மூலை நிம்மதியாக இருந்தது. பத்து நாற்பதுக்குப் பெஞ்சிலிருந்து ஏதோ விழும் சத்தம் கேட்டது. அவள் ஓடும்போதுதான் எடை மெஷின்மேல் கிடந்த தாளைப் பார்த்தாள்.

அதன் பிறகு அவள் செய்தது எல்லாம் சரியாகவே செய்தாள். கை ஓயும்வரை நெஞ்சை அமுக்கினாள். பலனில்லை. பெரிய அட்டாக், முன்னாலேயே பார்த்திருந்தாலும் கஷ்டம்தான் என்று டாக்டர்கள் சொன்னார்கள். யாரும் அவளைக் குறை சொல்லவில்லை. அடுத்த வாரம் அந்தத் தாள் கட்டோடு கட்டாக என் மேஜைக்கு வந்தது. தேதி இருந்தது. கீழே வெள்ளிக்கிழமைக் கையொப்பமும் இருந்தது.

இன்னும் ஐந்தே வாரத்தில் சான்றிதழ் வந்துவிடும். அந்த ஒரு தாள் அலமாரியின் கோடியில் போய்விட்டால் ஈ காக்காய்க்குத் தெரியாது. என் புத்தி அப்படித்தான் போயிற்று. மறுநாள் மதியம் அக்கா படியிறங்கி வந்தபோது, கிழித்துப் போடத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். கேட்டால் கொடுத்திருப்பேன், அதையும் ஒத்துக்கொள்கிறேன்.

அவள் அந்தத் தாளைக் கேட்கவில்லை. பயிற்சித் தாள்கள் மொத்தத்தையும் கேட்டாள். தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் புரட்டினாள். ஐந்தாம் மாதக் கட்டை எடுத்ததும் கை நின்றது. மற்ற கட்டுகளில் ஆஸ்பத்திரியின் வெள்ளை நாடா. இதில் மட்டும் நான் அவிழ்த்துவிட்டு மறுபடி கட்டிய சணல்.

"அப்பவே பாத்தியா?"

"பாத்தேன்."

"யார்கிட்ட சொன்ன?"

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். தாள்களை அடுக்கி, சணலையே மறுபடி கட்டி என்னிடம் நீட்டினாள். சான்றிதழ் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டதாகவும், மூன்று வருடப் படிப்புக்கு விண்ணப்பம் போட்டதாகவும் சொன்னாள். அந்தப் பெண்மணி போனில் கேட்ட கேள்வி விண்ணப்பத்திலேயே இருந்ததாம்.

"பத்து பத்துக்கு எடுக்க வேண்டிய முடிவ நான் எடுக்கலன்னு எழுதியிருக்கேன். சேத்துக்குவாங்களான்னு தெரியல."

சேர்த்துக்கொண்டார்கள். போன மாதம் ஒரு பெட்டியோடு கிளம்பிப் போனாள். வழியனுப்பும்போது மகள் அழுதாள், அத்தான் ஓட்ட வேண்டிய பஸ்ஸை வேறு ஒருவருக்கு மாற்றிக்கொடுத்துவிட்டு வந்து நின்றார். எனக்கு அவள் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

நேற்று என் மேஜைக்குப் புதிய கட்டு ஒன்று வந்தது. குறுகிய படிப்பில் இந்த வருடம் ஆறு நர்ஸுகள் சேர்ந்திருக்கிறார்கள், அக்கா எடுத்த மார்க்கைப் பார்த்துச் சேர்ந்தவர்கள். தேதி இருந்தது, கையொப்பம் இருந்தது. முதல் தாளின் முடிவுக் கட்டத்தைப் படித்தேன். ஆறு பேருடையதையும் படித்தேன். எழுத்துதான் வேறு வேறு, வரி ஒன்றே.

கட்டை எடுத்துக்கொண்டு மேலே கிளம்பினேன். லிஃப்டில் இன்னும் ஆள் போடவில்லை. படியேறிப் போனேன்.