இடது கைப் பிள்ளைகள்

காலையில் மகளின் வகுப்பு வீடியோ வாட்ஸ்அப்பில் வந்தது. டீச்சர் கேள்வி கேட்டதும் அத்தனை பிள்ளைகளும் கை தூக்கினார்கள். எனக்கு மலேசியாவின் கிள்ளான் நகரில் நான் படித்த பள்ளியின் வெண்கட்டித் தூள் வாடை அடித்தது.

நான்காம் வகுப்பில், கல்வி அதிகாரி பள்ளியைச் சோதிக்க வரும் நாளில் எல்லோரும் கை தூக்க வேண்டும் என்பார் எங்கள் கணக்கு சார். பதில் தெரிந்தவர்கள் வலது கை, தெரியாதவர்கள் இடது கை. வலது கைக்காரர்களை மட்டும் அவர் கேட்பார். காய்ச்சலோடு எழுதிய ஒரு சோதனையில் எனக்கு நூற்றுக்குப் பதினெட்டு மார்க். தாளை நீட்டியபடி சார் சொன்னார்:

"நீ எப்பவும் இடது கைதான்லா, மண்டு!"

அதன்பின் என்னை அவர் எதுவுமே கேட்டதில்லை. வாய்ப்பாடு முழுவதையும் மனப்பாடம் செய்துகொண்டு, கறுவிக்கொண்டே காத்திருந்தேன்.

அதிகாரி வந்தார். "பன்னிரண்டு பதினைஞ்சு எவ்வளவு?" என்றார் சார். வலது கையைத் தூக்கினேன். அவர் என்னைப் பார்த்துக் கண்ணை உருட்டினார்.

"கடைசி வரிசைத் தம்பி சொல்லட்டும்," என்றார் அதிகாரி.

"நூத்தி எண்பது, சார்!"

"கெட்டிக்காரன்! அப்புறம் ஏன் நடுங்குற?"

"தெரியாதவங்க இடது கை தூக்கணும்னு சார் சொன்னாரு. என்னையும் இடதுதான் தூக்கச் சொன்னாரு."

அதிகாரி எழுந்து நின்று இடது கைகளை ஒவ்வொன்றாக எண்ணினார். சாரின் சட்டைக் காலர் வியர்வையில் நனைந்தது.

மறுநாள் எனக்கு ஏழு பிரம்படி.

பழிவாங்காதீர்கள் என்று உங்களுக்குச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன், என் பிள்ளைகளே. ஆனால் அந்த ஏழு அடியும் அப்பாவுக்கு இன்னும் இனிக்கிறதே, என்ன செய்ய?